கொக்கி ஊசி கற்பித்த கணிதம்

பெண்டிரின் கைப்பின்னலை வீண்பொழுது போக்கும் தொழிலென்று எண்ணுவோர் நம்மிடையே பலர். கற்றோர் கருத்தளவிலே கண்டதொரு பொருளைக் கம்பளி நூலும் கொக்கி ஊசியும் கைக்கெட்ட நிறுத்திய வரலாற்றை அன்னோர் அறிதல் நலம்.

பள்ளியில் நாம் பயின்ற க்ஷேத்திர கணிதம் யூக்ளிட் என்னும் கிரேக்க அறிஞர் வகுத்ததாகும். ஒரு நேர்கோட்டிற்குப் புறத்தேயுள்ள புள்ளியின் வழியே, அக்கோட்டைச் சந்தியாத கோடு ஒன்றுதான் செல்லும் என்பது அதன் துணிபு. 1829-இல் ருஷியரான லொபச்செவ்ஸ்கியும், 1832-இல் ஹங்கேரியரான போல்யாயும், அத்தகைய கோடுகள் எண்ணிறந்தன செல்லும் தளமும் உண்டென்று தனித்தனியே வெளியிட்டனர். கணக்குக்கு அது பொருந்திற்று; கண்ணுக்கோ எட்டவில்லை. பின்வந்தோர் காகிதத்தில் ஒட்டிய உருவங்கள் எளிதிற் கிழிந்தன.

1997-இல், அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில், லாட்வியா நாட்டுக் கணித அறிஞரான டைனா டைமினா என்னும் அம்மையார் அத்தளத்தைக் குரோஷாப் பின்னலால் ஆக்கினார். முறை யாதெனில், இத்தனை தையலுக்கு ஒரு தையல் மிகை என்று வரிசைதோறும் கூட்டிச் செல்வதே. ஐந்துக்கு ஒன்று கூட்டினால் 20 தையல் அடுத்த வரிசையில் 24 ஆகும். பத்து வரிசைக்குள் நூற்றைக் கடக்கும். வட்டிக்கு வட்டி ஏறுவதும் இவ்வாறன்றோ? பெருகிய தையல் பரந்திருக்க இடமின்றி அலையலையாய் மடிந்து சுருளும். அதன்மேல் வேறு நிற நூலால் கோடுகளைத் தைத்து, சந்தியாக் கோடுகள் பலவற்றை அவர் மாணவர்க்குக் காட்டினார்.

இயற்கை இவ்வடிவை முன்னமே அறிந்திருந்தது. கடற்பவளங்களிற் சில இங்ஙனமே மடிந்து வளர்கின்றன. ஆஸ்திரேலியாவிற் பிறந்த மார்கரெட் வெர்தைம், கிறிஸ்டீன் வெர்தைம் என்னும் இரட்டைச் சகோதரியர் இதனையுணர்ந்து, 2005-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கம்பளிப் பவளத்திட்டு ஒன்றைப் பின்னத் தொடங்கினர். தையல் விதியைச் சற்றே தளர்த்தியதும், இயந்திரப் பொருள்போல் இருந்த பின்னல் உயிர்ப்பொருள்போல் ஆயிற்று. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் பெண்கள், உடன் பின்னினர். 2019-இல் வெனிஸ் நகரக் கலைக்காட்சியிலும் அது இடம்பெற்றது.

வேடிக்கைக்காக எழுந்த வேலையன்று இது. கடல்நீர் வெப்பம் மிகுமாயின், பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளிறும். வெப்பம் நீடிப்பின் மடியும். ஆஸ்திரேலியப் பெரும் பவளத்திட்டு 1998, 2002, 2016 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறு வெளிறியது. அதனைக் காட்டவே வெண்ணூலாலும் ஒரு திட்டுப் பின்னப்பட்டது. கம்பளி நூல் கடலை மீட்காது, மெய்தான்; இழப்பு இன்னதென்று காணாதார்க்குக் காட்டும்.

நம் இல்லத்துப் பெண்மகள் ஊசியெடுத்துப் பின்னும்போது, எத்தனைக்கு ஒன்று கூட்டினாய் என்று கேட்போமாக. அவள் சொல்லும் விடை கணிதமே. அக்கணிதத்தை மேலும் கற்க அவளுக்கு வழிசெய்வது நம் கடன்.