ஒரு ரூபாய் யார் பைக்குப் போனது?

நம்மில் பலருடைய பரீட்சைக் கட்டணம் சித்தாள் கூலியில் இருந்து வந்ததுதான். கல்லூரியில் யாராவது "வீட்டில் என்ன வேலை?" என்று கேட்டால் "கன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அந்தத் தொழில் எப்படி நடக்கிறது, பணம் எந்த வழியாக மேலிருந்து கீழே இறங்குகிறது, இறங்கும் வழியில் எங்கெங்கே நின்றுபோகிறது என்பதை நாம் உட்கார்ந்து பேசியதில்லை. பேசலாம்.

ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தை எடுத்துக்கொள்வோம். நிலத்துக்காரர் ஒருவர். பணம் போட்டு, கட்டி, விற்கிற பில்டர் இன்னொருவர். பில்டர் பெரும்பாலும் தானே கட்டுவதில்லை, கான்ட்ராக்டரிடம் விடுகிறார். கான்ட்ராக்டர் கம்பி வேலை, சென்ட்ரிங், கொத்து வேலை, பூச்சு, டைல்ஸ், பெயின்டிங் என்று துண்டு துண்டாக்கி, சதுர அடிக்கு இவ்வளவு என்று சப்-கான்ட்ராக்டர்களுக்குப் பேசிவிடுகிறார். அவர்களுக்குக் கீழே மேஸ்திரி. ஆள் கூட்டி வருபவர் அவர்தான், சனிக்கிழமை சாயங்காலம் கூலி எண்ணிக் கொடுப்பவரும் அவர்தான். அவருக்குக் கீழே கொத்தனார், அப்புறம் பெரியாள், கடைசியாகச் சித்தாள்.

சித்தாளிடம் போய் "உங்க முதலாளி யாரும்மா?" என்று கேட்டால் மேஸ்திரி பேரைத்தான் சொல்வார். மேஸ்திரியோ நேற்றுவரை கரணை பிடித்தவர், அவருக்கே சப்-கான்ட்ராக்டர் பாக்கி வைத்திருப்பார். வாசலில் பெரிய பலகையில் பேர் போட்டிருக்கும் கம்பெனிக்கு இந்தப் பெண் வேலை செய்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது. கான்கிரீட் போடுகிற நாளில் நாற்பது பேர் வேண்டும், மறுநாள் தண்ணீர் விட நாலு பேர் போதும். இந்த ஏற்ற இறக்கத்தின் சுமையை எந்தக் கம்பெனியும் தன் தோளில் வைத்துக்கொள்ளாது. கீழே தள்ளிவிடும். மேஸ்திரி என்ற ஏற்பாடே அதற்காகத்தான்.

அடிமட்டத்தில் வந்து நிற்பவர்கள் யார்? கையளவு நிலமும் இல்லாதவர்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதன் விளைவாக 1892இல் வந்த ஆணையில் இருந்து பஞ்சமி நிலத்தின் கதை தொடங்குகிறது. அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனதும் நமக்குத் தெரியும். நிலம் போனவர்களுக்குப் பண்ணைக் கூலி மிஞ்சியது. ஏரியும் கிணறும் வற்றி அதுவும் போனபோது பட்டணத்துக்குப் பஸ் ஏறினார்கள். செங்கல், மணல், ஜல்லி, கலவை சுமக்கிற வேலை காத்திருந்தது. கரணை பிடிக்கிற கைக்கும் சட்டி தூக்குகிற தலைக்கும் நடுவே இருப்பது திறமையின் தூரம் மட்டும் அல்ல. கொத்தனார் பக்கத்தில் நின்று, மட்டம் பார்த்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துத்தான் இந்தத் தொழிலைக் கற்க முடியும். யாரைப் பக்கத்தில் நிற்கவிடுவது என்பதை உறவும் சாதியும் தீர்மானித்த காலம் முற்றாகப் போய்விடவில்லை. பெண்ணாக இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பதினெட்டு வயதில் சித்தாளாக ஏறியவர் ஐம்பது வயதிலும் சித்தாள்தான்.

இப்போது அந்த ஒரு ரூபாய்க்கு வருவோம். இது டெல்லியில் நடந்தது. 1982 நவம்பரில் அங்கே ஆசிய விளையாட்டுப் போட்டி. அதற்காக மைதானங்கள், மேம்பாலங்கள், விடுதிகள் எல்லாம் அவசர அவசரமாக எழுந்தன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசாவில் இருந்தெல்லாம் ஆட்களைக் கூட்டி வந்தவர்கள் ஜமாதார்கள். நம் ஊர் மேஸ்திரிக்கு அங்கே அதுதான் பேர். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. கான்ட்ராக்டர்கள் அந்தத் தொகையை ஜமாதாரிடம் கொடுத்தார்கள். ஜமாதார் ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார். பெண்களுக்கு 7 ரூபாய்தான். கணக்கு நோட்டைக் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கும், சட்டப்படியான கூலி கொடுத்தாகிவிட்டது என்று கான்ட்ராக்டர் சொல்வார். வேலையைக் கொடுத்த அரசு நிறுவனங்களோ, அவர்கள் எங்கள் தொழிலாளர்கள் இல்லை, கான்ட்ராக்டருடைய ஆட்கள் என்று சொல்லிவிடலாம்.

ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் என்ற அமைப்பு இதை ஆராய்ந்து உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 1982 செப்டம்பரில் நீதிபதி பகவதி கொடுத்த தீர்ப்பை நம் மாணவர்கள் ஒவ்வொருவரும் தேடிப் படிக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு வெட்டி வேலையையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. நம் தாத்தா பாட்டிகள் ஊருக்குச் செய்த வெட்டி வேலைதான் அந்தப் பிரிவு குறிவைத்தது. கையைக் கட்டி இழுத்து வந்தால்தான் கட்டாயமா? பசி துரத்தி வந்தவன், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறான் என்றால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்றது நீதிமன்றம். கான்ட்ராக்டர் செய்த தவறுக்கு வேலை கொடுத்த அரசும் பொறுப்பு என்றது. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் கட்டிட வேலையில் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னது. பாபாசாகேப் தலைமையிலான குழு வரைந்த ஒரு பிரிவு, ஜமாதார் பிடித்துக்கொண்ட அந்த ஒரு ரூபாய்வரை இறங்கி வந்தது.

தீர்ப்பு மட்டும் இருந்தால் போதுமா? முதலாளியே யார் என்று தெரியாத வேலையில் பி.எஃப்., ஓய்வூதியம், விபத்து நிவாரணம் எல்லாம் யாரிடம் கேட்பது? இந்த இடத்தில்தான் கட்டிடத் தொழிலாளர் சங்கங்கள் ஒரு யோசனையைப் பிடித்தார்கள். எங்களைப் பொறுத்தவரை இந்திய தொழிற்சங்க வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான யோசனைகளில் அது ஒன்று. முதலாளி மாறிக்கொண்டே இருப்பார், கட்டிடம் மாறாது. ஆகவே கட்டிடம் பணம் கட்டட்டும். கட்டுமானச் செலவில் ஒரு சிறு பங்கைத் தீர்வையாக வசூலித்து ஒரு வாரியத்தில் போடு, தொழிலாளி எந்த மேஸ்திரியிடம் இருந்தாலும் வாரியம் அவருக்குப் பொறுப்பு.

தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. மத்தியச் சட்டத்துக்காக 1985இல் ஒரு தேசியப் பிரச்சாரக் குழு உருவாகி, ஊர் ஊராகப் பேசி, நாடாளுமன்றத்தில் மனுக்கொடுத்து, பத்தாண்டுக்கு மேல் அலைந்த பிறகு 1996இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று வேலை நிலைமை பற்றியது, மற்றது தீர்வை பற்றியது. கட்டுமானச் செலவில் ஒன்றில் இருந்து இரண்டு சதவீதம்வரை வசூலிக்கலாம். வசூலிப்பது ஒரு சதவீதம்தான்.

பணம் வந்தது. தொழிலாளிக்குப் போனதா? 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கணக்குப் பார்த்தபோது நாடு முழுக்க 37,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாகியிருந்தது, செலவானது சுமார் 9,500 கோடி. முன்னே ஒரு ரூபாயை ஜமாதார் பிடித்துக்கொண்டார். இந்த முறை பிடித்துக்கொண்டது யார் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு நடுவில்தான் மௌலிவாக்கம். 2014 ஜூன் 28, சென்னைக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவின் வடகோடி மாவட்டங்களில் இருந்து வந்தவர்களும் நம் கிராமத்து ஆட்களும் ஒரே இடிபாட்டுக்குள் கிடந்தார்கள். அது ஒரு சனிக்கிழமை. உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல ஒரு வருகைப் பதிவேடு இல்லாத நிலையில் நாள் கணக்கில் தோண்டினார்கள்.

1996இன் இரண்டு சட்டங்களும் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டன. 2025 நவம்பர் 21 முதல் அவை அமலில் இருக்கின்றன. முன்பு, சொந்தமாகக் குடியிருக்கக் கட்டும் வீட்டின் செலவு 10 லட்ச ரூபாய்வரை இருந்தால் மத்தியச் சட்டத்தில் விலக்கு இருந்தது. இப்போது 50 லட்சம்வரை. நம் ஊர்களில் நம் ஆட்கள் கட்டுகிற வீடுகளில் பெரும்பாலானவை எந்தக் கணக்குக்குள் வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் எங்கள் மாலை வகுப்பில், வீட்டில் இருக்கிற வாரிய அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னோம். பல அட்டைகள் புதுப்பிக்காமல் காலாவதி ஆகிக் கிடந்தன. வருஷத்தில் 90 நாள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும், அது தெரியுமா என்று கேட்டோம். ஒரு மாணவி மறுநாள் அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்தாள். முப்பது வருஷமாகச் சித்தாள் வேலை. அவர் கேட்டார்: "முன்னூறு நாளு பாத்திருக்கேன் தம்பி. ஆனா ஒரு மேஸ்திரிகிட்ட பத்து நாளு, இன்னொருத்தர்கிட்ட இருவது நாளு. இதுல எந்த மேஸ்திரிகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்றீங்க?"