ஊசித் துளையும் ஒழுகாத கூரையும்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏரிகளிலும் கடலோரங்களிலும் ஓடும் சிறிய மோட்டார் படகுகளின் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அவற்றில் பாய்மரம் கிடையாது. ஓட்டுபவர் அமரும் இடத்துக்கு அருகே, படகின் இரு பக்கங்களையும் இணைத்து வாயில் வளைவு போன்ற ஒரு சட்டம் நிற்கும். ராடார் கருவியைத் தாங்குவதற்காக ஏற்பட்டதால் அதற்கு ராடார் வளைவு என்று பெயர். முன்புறக் கண்ணாடியின் விளிம்பிலிருந்து இவ்வளைவு வரை கித்தான் துணியாலான கூரையை இழுத்துக் கட்டுவார்கள். ராடாரை உயர்த்துவதற்காக வளைவை மாற்றியமைத்தவர்கள் பலருக்கு ஒரு தொல்லை வந்து சேர்கிறது: அதுவரை ஒழுகாத கூரை ஒழுகத் தொடங்கிவிடுகிறது!

வளைவை உயர்த்தினால் துணி ஏன் ஒழுக வேண்டும்? விடை காண நாம் ஏறத்தாழ 200 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

தாரும் எண்ணெயும்

கப்பற்பாய்க்கு உரிய துணியே கித்தான். பழங்கால மேலைநாட்டுக் கப்பல்களில் இது சணப்பு, ஆளி போன்ற செடிகளின் நாரால் நெய்யப்பட்டது. பின்னர் பருத்தியும் சேர்ந்துகொண்டது. இந்த நார்கள் நனைந்தால் பருக்கும். பருத்த நூல்கள் ஒன்றையொன்று நெருக்கி, நெசவின் இடைவெளிகளை ஓரளவு அடைத்துவிடும். தைத்த நூலும் அவ்வாறே பருத்துத் தன் ஊசித் துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மழைக்கும் அலைக்கும் இது மட்டும் போதவில்லை. எனவே மாலுமிகள் கித்தானில் தார் பூசினார்கள். ஆங்கிலத்தில் தார்பாலின் எனப்பட்ட அத்துணி நம்மிடம் வந்து 'தார்ப்பாய்' ஆயிற்று. தார் பூசிய பாய் என்று தமிழிலும் பொருள் பொருந்தியது! ஆளிவிதை எண்ணெயும் பயன்பட்டது. இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, கெட்டியான ஏடாக மாறுகிறது. ஆனால் இவ்வினையில் வெப்பம் வெளிப்படும். எண்ணெய்த் துணிகளை ஈரமாகக் குவித்து வைத்தால் அவை தாமே தீப்பற்றுவதும் உண்டு.

குளிர்ந்த கடலில் நனைந்த உடையோடு பல மணி நேரம் நிற்பவனின் உடல் வெப்பம் குறைந்துகொண்டே போகும், கை விறைக்கும், முடிவில் உயிரே போகலாம். அதனால் நீர்புகாத் துணி வெறும் வசதிப் பொருளாக இருக்கவில்லை.

மக்கின்டாஷ் சந்தித்த இடையூறு

1823-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த வேதியியலார் சார்லஸ் மக்கின்டாஷ் ஒரு காப்புரிமை பெற்றார். நிலக்கரி வாயு தயாரிக்கும்போது கழிவாகக் கிடைத்த தாரிலிருந்து நாப்தா என்னும் நீர்மத்தை எடுத்து, அதில் ரப்பரைக் கரைத்தார். அக்கரைசலை இரு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். நீர் நுழையாத துணி பிறந்துவிட்டது!

வெற்றி முழுமையாகவில்லை. வெயிலில் ரப்பர் பிசுபிசுத்தது. குளிரில் மரப்பலகை போல் விறைத்தது. இன்னொரு குறையும் இருந்தது. தையற்காரர்கள் அத்துணியைச் சட்டையாகத் தைத்தபோது ஊசி துளைத்த இடங்களிலெல்லாம் மழைநீர் உள்ளே வந்தது. துணி ஒழுகவில்லை, தையல் ஒழுகியது.

முதற் குறையைத் தீர்த்தவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். கடனுக்காகச் சிறை சென்றும் ரப்பர் ஆராய்ச்சியைக் கைவிடாத அவர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலுக்கும் குளிருக்கும் அசையாத பொருளாகிறது என்பதை 1839-இல் கண்டார். 1844-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843-லேயே விண்ணப்பித்து முந்திக்கொண்டார். உலகுக்கே பயன்பட்ட கண்டுபிடிப்பைத் தந்த குட்இயர், 1860-இல் பெருங்கடனுடனேயே மறைந்தார்.

துளை இருந்தும் ஒழுகாதது எப்படி?

ஊசித் துளைப் பிரச்சினைக்கு அடிப்படை விளக்கம் மக்கின்டாஷுக்கு முன்பே இயற்பியலில் இருந்தது. 1805-இல் தாமஸ் யங், நீர்மம் ஒரு திண்மத்தைத் தொடும் இடத்தில் உண்டாகும் சேர்கோணத்தைப் பற்றி எழுதினார். 1806-இல் லாப்லாஸ் வளைந்த நீர்ப்பரப்பில் எழும் அழுத்தத்தைக் கணக்கிட்டார். சேர்கோணம் 90 பாகைக்குக் குறைவானால் நீர் துளைக்குள் தானே ஏறும்; கூடுதலானால் பரப்பு இழுவிசை நீரைத் துளைக்கு வெளியே நிறுத்தும்.

மெழுகின்மேல் நீரின் சேர்கோணம் ஏறத்தாழ 107 பாகை. மெழுகிட்ட ஒரு துளையின் விட்டம் 1 மி.மீ. என்று கொள்ளுங்கள். அது தாங்கக்கூடிய நீரின் உயரம் சுமார் 9 மி.மீ. விட்டம் 0.1 மி.மீ. ஆனால் தாங்கும் உயரம் பத்து மடங்காகி 9 செ.மீ. ஆகிவிடுகிறது. துளை சிறுக்கச் சிறுக்கத் தாங்கும் ஆற்றல் பெருகுகிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கம்பி வலையாலான தேநீர் வடிகட்டியை உருகிய மெழுகில் தோய்த்து உடனே உதறிவிடுங்கள்; கண்கள் அடைபடக் கூடாது. ஆறியபின், ஒரு தாள் துண்டை உள்ளே வைத்து அதன்மேல் மெதுவாகச் சிறிது நீர் ஊற்றித் தாளை எடுத்துவிடுங்கள். நீர் வலையின்மேல் நிற்கும். அடியில் ஈர விரலால் தொட்டால் ஒழுகும். ஒரு சொட்டுச் சோப்பு நீர் விட்டாலும் ஒழுகும். சோப்பு, நீரின் பரப்பு இழுவிசையையும் சேர்கோணத்தையும் குறைத்துவிடுகிறது. ஆங்கில இயற்பியலார் சி. வி. பாய்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொதுமக்களுக்கு ஆற்றிய சோப்புக் குமிழிச் சொற்பொழிவுகளில் இதுபோன்ற மெழுகு வலையைக் காட்டினார்.

காஸி, பாக்ஸ்டர் என்னும் இருவர் 1944-இல், நார்களின் இடையே சிக்கும் காற்றும் நீரை விலக்க உதவுகிறது என்று கணக்கிட்டுக் காட்டினர். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருவதன் பின்னணியும் இதுவே. அவ்விலையின் நுண்மேடுகளையும் மெழுகையும் ஜெர்மானியத் தாவரவியலார் பார்த்லாட் 1997-இல் விரிவாக விளக்கினார்.

புதிய துணி, பழைய தொல்லை

இருபதாம் நூற்றாண்டில் அக்ரிலிக், பாலியெஸ்டர் ஆகிய செயற்கை இழைகள் வந்தன. அவை எளிதில் மக்குவதில்லை. பூஞ்சையும் எளிதில் அரிக்காது. ஆனால் அவை நனைந்தால் பருப்பதும் இல்லை! பருத்தி நூல் தானாக அடைத்துக்கொண்ட ஊசித் துளை, செயற்கை நூலில் திறந்தே கிடந்தது. மக்கின்டாஷின் தொல்லை மீண்டும் வந்தது. பருத்தி உறையிட்ட பாலியெஸ்டர் நூல் ஒரு தீர்வாயிற்று: உள்ளிழை வலுவைத் தரும், வெளி உறை பருத்துத் துளையை அடைக்கும்.

நீரை விலக்கும் பூச்சுகளிலும் மாற்றம் வந்தது. 1953-இல் அமெரிக்காவின் த்ரீ-எம் ஆய்வகத்தில் ஒரு ஃபுளோரின் சேர்மம் உதவியாளர் ஒருவரின் காலணியில் சிந்தியது. அந்த இடத்தில் நீரோ எண்ணெயோ ஒட்டவில்லை. பாட்சி ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் அதை ஆராய்ந்து துணிப் பூச்சாக உருவாக்கினர். ஆயினும் இவ்வகைச் சேர்மங்களில் பல, மண்ணிலும் நீரிலும் உடலிலும் சிதையாமல் தங்கிவிடுவது பின்னர் தெரியவந்தது. இவற்றுள் ஒன்றான பி.எஃப்.ஓ.எஸ். 2009-லும், பி.எஃப்.ஓ.ஏ. 2019-லும் ஸ்டாக்ஹோம் உடன்பாட்டின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. நீரை விலக்கிய பொருளே குடிநீரைக் கெடுக்கும் பொருளாயிற்று. மெழுகு, சிலிக்கோன் பூச்சுகள் மீண்டும் கவனம் பெற்றதற்கு இது ஒரு காரணம்.

ராடார் ஏன் உயர வேண்டும்?

வானொலி அலையை அனுப்பி, எதிரொலிப்பைக் கொண்டு கப்பலைக் கண்டறியும் கருவியை ஜெர்மனியின் ஹூல்ஸ்மேயர் 1904-லேயே கொலோன் நகரில் செய்து காட்டினார், வாங்குவார் இல்லை. 1940-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டாலும் பூட்டும் உருவாக்கிய குழி மாக்னட்ரான், சுமார் 10 செ.மீ. அலைகளை மிகுந்த திறனோடு எழுப்பியது. போருக்குப்பின் 3 செ.மீ. அலைகள் படகுகளுக்கு வந்தன. சிறிய அலைக்குச் சிறிய ஆன்டெனாவே போதுமல்லவா?

இவ்வலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால், புவியின் வளைவு அவற்றை மறைக்கிறது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ராடாரின் தொடுவானம் கி.மீ.-இல் கிடைக்கும். 2.25 மீட்டர் உயரத்தில் அது சுமார் 6.2 கி.மீ.; 4 மீட்டரில் 8.2 கி.மீ. மூடுபனியில் எதிரே வரும் கப்பலை அறிய இந்த 2 கி.மீ. பெரிய வேறுபாடு. அலைக்கற்றை படகிலிருப்போரின் தலைக்கு மேலே செல்வதும் நல்லது. அதனால்தான் வளைவை உயர்த்துகிறார்கள். ஆனால் உயரே எடை கூடினால் படகின் ஈர்ப்பு மையம் மேலேறி, நிலைப்புத்தன்மை குறையும் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பழைய வளைவின் அளவுக்கு வெட்டிய துணி புதிய வளைவுக்குப் பொருந்தாது. ஓரிடத்தில் இறுகித் தையலை இழுக்கும்; ஊசித் துளை பெரிதாகும். வேறோரிடத்தில் தொய்ந்து குழியாகும். குழியில் 1 செ.மீ. நீர் தேங்கினாலே போதும், 1 மி.மீ. துளை தாங்கும் 9 மி.மீ. எல்லை தாண்டிவிடும். படகு எதிர்காற்றில் நொடிக்கு 15 மீட்டர் காற்றைச் சந்தித்தால், அக்காற்றின் அழுத்தமே சுமார் 14 மி.மீ. நீருக்குச் சமம். நின்றபோது ஒழுகாத தையல் ஓடும்போது ஒழுகுவதன் மர்மம் இதுதான்.

மருந்தும் இதிலேயே இருக்கிறது. வளைவை மாற்றினால் கூரையையும் புதிய அளவுக்கு வெட்டித் தைக்க வேண்டும். நீர் தேங்காதபடி சரிவு கொடுக்க வேண்டும். தையலைச் சரிவின் தாழ்ந்த இடத்தில் வைக்கக் கூடாது. தையல்மீது மெழுகு தேய்க்கலாம் அல்லது பட்டை ஒட்டலாம். சோப்பிட்டுக் கழுவினால் அதன் சுவடு போகும்வரை அலச வேண்டும்.

உங்கள் வீட்டுக் குடையோ தார்ப்பாயோ அடுத்த மழையில் ஒழுகினால், துணியைக் குறை சொல்லுமுன் தையலையும் தொய்வையும் பாருங்கள். பெரும்பாலும் ஒழுக்கு அங்கேதான் இருக்கும்.