எழுதாத சுரத்தைத் தேடி

ஜாஸ் என்றதும் இரவு விடுதியும் மதுக்கோப்பையும் நினைவுக்கு வருதல் நம்மிடையே வழக்கம். ஆயினும் அதன் வரலாற்றை நாடுவோர் ஞாயிறு ஓய்வு என்னும் திருச்சபைக் கட்டளையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் லூசியானா பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, 1724 இல் அடிமைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. மனிதரை உடைமையாக்கிய கொடுஞ்சட்டமே அது. எனினும் ஞாயிறன்றும் திருநாள்களிலும் அவர்களை வேலை வாங்கலாகாது என்றது. அந்த ஓய்வு நாளில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஆப்பிரிக்கர் கூடி, முழவறைந்து ஆடிப் பாடினர். 1817 இல் நகர நிர்வாகம் அக்கூட்டங்களை ஒரே திடலுக்குள் அடக்கியது. காங்கோ சதுக்கம் என்று அதற்குப் பெயர். 1970 இல் அந்நகரின் ஜாஸ் பெருவிழா முதன்முறையாக நடந்ததும் அதே திடலில்தான். ஆலயப் பாடல்களால் புகழ்பெற்ற மகாலியா ஜாக்சன் அங்கே பாடினார். அடிமைகளுக்கு ஒதுக்கப்பட்ட துண்டு நிலத்தில் அவர்தம் வழித்தோன்றல்கள் தலைநிமிர்ந்து நின்றதைக் காணவும் மக்கள் கூடினர் எனலாம்.

நம் நாட்டில் 1978 இல் பம்பாயில் ‘ஜாஸ் யாத்ரா’ தொடங்கிற்று. நிரஞ்சன் ஜவேரி முன்னின்று நடத்தினார். அமெரிக்காவின் சானி ரோலின்ஸ் வந்து வாசித்தார். எனக்கோ அவ்விழாக்களின் மேடையேறிய கோவா கத்தோலிக்கரே முக்கியமானவர்.

போர்த்துக்கீசியர் காலம் முதல் கோவாவின் பங்குப் பள்ளிகளில் சிறுவர்க்கு மறைக்கல்வியோடு சுரக் குறியீடும் வயலினும் கற்பித்தனர். திருப்பலிக்கென ஊட்டிய அக்கல்விதான் பிழைப்புத் தேடிப் பம்பாய் சென்றோர்க்குச் சோறு போட்டது. ஓட்டல்களில் விருந்தினர் உண்ணவும் ஆடவும் வாசித்தனர். இந்தித் திரைப்படங்களுக்குச் சுரம் எழுதிக் கொடுத்தனர். திரையில் அவர்கள் பெயர் வருவது அரிது. வயலின் ஆசான் அந்தோணி கொன்சால்வசின் பெயரை, அவர் மாணவர் பியாரேலால் 1977 இல் ஒரு திரைப்பாடலில் இடம்பெறச் செய்தார். அதுவும் ஒரு நகைச்சுவைப் பாடலாய் அமைந்துவிட்டது!

சாக்சபோன் கலைஞர் பிராஸ் கொன்சால்வஸ் நம் இராகங்களை ஜாசில் இழைத்தவர். ஜாஸ் யாத்ராவிலோ மக்கள் விருந்துண்ண வரவில்லை. கேட்கவே வந்து அமர்ந்தனர். எழுதிய சுரத்தை வாசித்துப் பழகிய மரபில் வந்த கைகள், எழுதாததை வாசிக்கத் துணியும் வேளை அது. நம் நகரியத்தின் பெயரைத் தாங்கிய நெய்வேலி சந்தானகோபாலன் ஆலாபனையில் இறங்கும்போது சபையில் எழும் எதிர்பார்ப்பை அறிந்தவர்க்கு இச்சுவையை விளக்கத் தேவையில்லை. இசைத்தட்டில் அடுத்து வருவது நமக்கு முன்பே தெரியும். மேடையிலோ வாசிப்பவரும் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பிராஸ் பின்னாளில் கோவாவுக்கே திரும்பினார்.