இராணுவ வாகனங்களின் 24 வோல்ட் மின் அமைப்பு

நேட்டோ நாடுகளின் படை வாகனங்களில், ஜீப் முதல் டாங்கி வரை, பொதுவாகக் கையாளப்படும் நேர்மின் அமைப்பு. 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறப்படுகிறது. என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ 28 வோல்ட் தருவதால், 28 வோல்ட் அமைப்பு என்றும் இதையே சொல்வர்.

மின்னழுத்தம் இரு மடங்கானால் அதே திறனுக்குப் பாதி மின்னோட்டம் போதும். 6 கிலோவாட் ஸ்டார்ட்டர் மோட்டார் 12 வோல்ட்டில் 500 ஆம்பியர் இழுக்கும். 24 வோல்ட்டில் 250 ஆம்பியர்தான். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அதே கம்பியில் இழப்பு கால் பங்காகிறது. கடுங்குளிரில் பெரிய டீசல் என்ஜினைச் சுழற்றும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

ஆனால் ஐரோப்பிய, இந்திய லாரிகள் பலவற்றிலும் 24 வோல்ட்தான் இருக்கிறது. படைகளுக்கு உரிய சிறப்பு, எல்லா வாகனங்களுக்கும் ஒரே அளவை விதித்ததில் உள்ளது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப் 6 வோல்ட்டிலும் ஷெர்மன் டாங்கி 24 வோல்ட்டிலும் இயங்கின. ஒரே படைக்குள் பல்பு, பாட்டரி, ரேடியோ என ஒவ்வொன்றையும் இரு வகையாகச் சுமக்க வேண்டியிருந்தது. போருக்குப் பின் வந்த எம்38 ஜீப், நீர்புகாத 24 வோல்ட் அமைப்புடன் வெளிவந்தது.

பொது அளவின் பெரும்பயன் களத்தில் கிடைக்கிறது. பாட்டரி இறங்கிய வண்டிக்கு அருகிலுள்ள எந்த வண்டியும், வேறு நாட்டுடையதானாலும், ஒரே வடிவத் துணைமின் செருகி வழியே உயிர் கொடுக்கலாம். இச்செருகியை நேட்டோவின் ஸ்டானாக் 4074 உடன்பாடு வரையறுக்கிறது. அழுத்தம் ஒன்றாக இல்லாவிட்டால் செருகி ஒன்றாக இருந்தும் பயனில்லை.

கருவிகளுக்கும் வரையறை உண்டு. பளு திடீரென விலகும்போது அழுத்தம் எகிறும். அமெரிக்காவின் மில்-எஸ்டிடி-1275 தரம், 50 மில்லிநொடி நீடிக்கும் 100 வோல்ட் எழுச்சியைக் கருவிகள் தாங்க வேண்டும் என்கிறது. சாதாரண கார் ரேடியோவை இராணுவ வண்டியில் அப்படியே பொருத்த முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

1980களில் ஷெவர்லே வண்டிகளைப் படைக்கு ஏற்ப மாற்றிய சியூசிவி என்னும் திட்டம், விளக்குகளை 12 வோல்ட்டிலேயே விட்டு ஸ்டார்ட்டரையும் ரேடியோவையும் 24 வோல்ட்டுக்கு மாற்றியது. அதற்காக ஒரே வண்டியில் இரண்டு ஆல்டர்னேட்டர்கள் தேவைப்பட்டன. இன்று மின்தேவை பெருகிவிட்டதால், போர் வாகனங்களுக்கான 600 வோல்ட் நேர்மின் வரையறையும் அமெரிக்கத் தரைப்படையிடம் உள்ளது.