மோரீசுக்குப் போன தாத்தன்

மோரீஸ் வாழைப்பழத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் பாட்டி சொல்லும்: "நம்ம தாத்தன் ஒருத்தன் அந்த மோரீசுக்குத்தான் கப்பலேறிப் போனான். பழம் வந்துச்சு, அவன் வரல." கீழ்பென்னாத்தூர்ச் சேரியில் நான் கேட்ட முதல் வரலாறு இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் மொரீசியசுக்குப் போக வாய்த்தது. மாயேபூரில் ஒரு பிரெஞ்சு மாளிகை. 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1950இல் கடல் வரலாற்றைக் காட்டும் அருங்காட்சியகமாக்கினார்கள். 1810 ஆகஸ்டில் அருகிலிருந்த கடலில் பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் சண்டை போட்டார்கள். காயம்பட்ட தளபதிகள் துப்பரே, வில்லபி இரண்டு பேருக்கும் இதே வீட்டில்தான் வைத்தியம் நடந்தது. எதிரிகளுக்கு ஒரே கூரை! எங்க ஊரில் ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்களுக்கே ஒரே தெரு கிடையாது.

1744இல் மூழ்கிய சாஞ்செராங் கப்பலின் மணி அங்கே இருக்கிறது. அந்தக் கப்பலில் சர்க்கரை ஆலைக்கான இயந்திரமும் வந்தது, ஆப்பிரிக்க அடிமைகளும் வந்தார்கள். இரண்டும் ஒரே சரக்குதான். மணியை மீட்டு வைத்திருக்கிறார்கள். அடிமைகளின் பெயர்?

1835இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. நஷ்டஈடு முதலாளிக்குத்தான். இருபது லட்சம் பவுனுக்கு மேல் கொடுத்தார்கள். அடிமைக்குச் சல்லிக்காசு இல்லை. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? 1834லிருந்தே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். சுமார் நாலரை லட்சம் பேர். சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களில் நம்ம சனங்களும் உண்டு. பஞ்சமும் பண்ணையாளின் கடனும்தான் அவர்களைக் கப்பலேற்றியது. சாட்டைக்குத் தப்பிப் போனவர்களும் இருந்திருப்பார்கள்.

மாளிகையில் தாத்தனைத் தேடினேன். பீரங்கி, நாணயம், வரைபடம் எல்லாம் இருந்தன. அவன் இல்லை. ஆனால் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், ஊர், கப்பல், சாதி. ஆமாம், சாதியும்! கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்பார்கள். வெள்ளைக்காரன் அதையும் ஒரு கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறான்.

நம்மை இழிவுபடுத்த எழுதிய அந்தக் கட்டமே இன்று நமக்குச் சாட்சி. நம்ம ஆள் அங்கே போனான், கரும்பு வெட்டினான், அந்தத் தீவை உண்டாக்கினான் என்று அது சொல்லும்.

பாட்டிக்குத் தாத்தன் பெயர் தெரியாது. பெயரில்லாமல் பதிவேட்டில் எங்கே தேடுவது? வெறுங்கையோடு திரும்பினேன். தோழர்களே, உங்க சேரிக் கிழவிகளிடம் இப்பவே கேளுங்கள்: யார் போனார்கள், என்ன பெயர், எந்தப் பஞ்சத்தில்? கேட்டு எழுதி வையுங்கள். மாளிகைக்காரன் நமக்காக எழுதமாட்டான்.