பாபிட்

ஆளின் பெயர் உலோகத்துக்கு ஒட்டிக்கொண்ட கதை இது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஐசக் பாபிட், 1839-இல் வெள்ளீயத்தோடு கொஞ்சம் ஆன்டிமனியும் செம்பும் சேர்த்து உருக்கி, பேரிங்குக்கென்று மெத்தென்ற கலவை ஒன்று செய்தார். மென்மை என்றால் குறை என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணெயில் வரும் தூசியைத் தனக்குள் புதைத்துக்கொண்டு எஞ்சினின் கிராங்க் தண்டில் கீறல் விழாமல் காப்பதே அந்த மென்மைதான். 1917-இல் வந்த ஃபோர்ட்சன் போன்ற பழைய டிராக்டர்களில் இதை உருக்கி ஊற்றியே பேரிங் அமைத்தார்கள். இன்றைய ஷெல் பேரிங் மாதிரி கழற்றி மாட்ட முடியாது. பழசை உருக்கி எடுத்து, புதிதாக ஊற்றி, கிராங்கில் நீலச்சாயம் தடவிச் சுற்றிப் பார்த்து, பேரிங்கில் நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் மெல்லச் சுரண்ட வேண்டும். இப்படி உலோகம் ஊற்றிப் பேரிங் அமைக்கும் வேலைக்கே ஆங்கிலத்தில் 'பாபிட்' என்று வினைச்சொல் உண்டு. சின்க்ளேர் லூயிஸின் 1922 நாவலில் வரும் வீட்டுத் தரகர் பாபிட் வேறு ஆள்.