மலையனூரில் கேட்கும் குறி

செஞ்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மூன்று மலைகளையும் தேசிங்கு ராஜனையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கோட்டைக்கு வடமேற்கே உள்ள மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலைச் சுற்றி வளர்ந்த வழக்கத்துக்குள் ஒரு வைத்திய வரலாறும் இருக்கிறது. தலபுராணமே ஒரு நோயில்தான் தொடங்குகிறது. பிரமனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொள்ள, அவர் பசியும் பித்துமாகச் சுடுகாடு சுடுகாடாக அலைகிறார். மலையனூரில் அம்மன் சோற்றைச் சூறைவிடுகிறாள். கபாலம் கையை விட்டிறங்கிச் சோற்றுக்குப் போகிறது. அவள் அதை மிதித்து அடக்க, அவருக்குப் பித்துத் தெளிகிறது. மாசியில் நடக்கும் மயானக் கொள்ளை இந்தக் கதையின் நினைவுதான். அமாவாசை இரவுகளில் ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூடும் கூட்டத்தில், தூக்கமற்றவர்களையும் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களையும் கைபிடித்து அழைத்துவரும் குடும்பங்கள் உண்டு. முதல் நோயாளி கடவுளே என்று சொல்லும் தலத்தில் பித்தை வாய்விட்டுச் சொல்ல யாரும் கூச வேண்டியதில்லை.

இந்த வட்டாரத்து வழக்கத்தில் பரிகாரத்துக்கு முன்னால் குறி வருகிறது. வந்திருப்பது காத்துக் கருப்பா, செய்வினையா, குலதெய்வக் குற்றமா, இல்லை வைத்தியரிடம் காட்டவேண்டிய உடம்பு நோயா என்பதை முதலில் கேட்டாக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், பம்பைக்காரர்கள் பேயோட்டும் முறையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய நூல் 2000இல் வெளிவந்தது. பேய் பிடித்ததாக அழைத்துவரப்பட்டவர்களில் புதிதாக மணமாகி, கணவனோடு ஒட்டாமல் ஒதுங்கிய பெண்கள் மிகுதி என்பது அவர் கண்டது. பம்பை முழங்க, பேயைப் பேசவைத்து, ‘நீ யார், எந்த ஊர், எப்படிப் பிடித்தாய்’ என்று கேட்டு, கடைசியில் அந்தப் பெண்ணின் ஒரு கொத்து முடியைப் புளியமரத்தில் ஆணியடித்து விடுவிப்பார்கள். பேய் உண்டா என்ற விவாதத்தை நான் இங்கே எடுக்கவில்லை. ஒரே மாதிரி முகம் வாடி உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு ஒரே பரிகாரம் ஆகாது, எது யாருக்கு என்று முதலில் பிரித்தறிய வேண்டும் என்ற அறிவு இந்த வழக்கத்துக்குள் இருக்கிறது. நவீன மனநல மருத்துவம் அந்தக் கேள்விக்கு வந்துசேர வெகுகாலம் ஆனது என்பதே என் வாதம்.

சென்னையில் மனநோயாளர் காப்பகம் 1794இல் தொடங்கியது. 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. அடைத்துவைத்துப் பராமரிப்பதுதான் நெடுநாள் அதன் வேலை. மனச்சோர்வுக்கு மருந்து வந்தது 1950களில், அதுவும் தற்செயலாக: காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியசிட் நோயாளிகளின் மனநிலையையும் உயர்த்தியதை மருத்துவர்கள் கவனித்தார்கள். மருந்துகள் பெருகின, எது யாருக்குக் கேட்கும் என்பது மட்டும் தெரியவில்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 2,900 பேருக்கு சிட்டலோபிராம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2006இல் வந்தது: முதல் மருந்திலேயே நோய் முழுதாகத் தணிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். மற்றவர்களுக்கு வாரக்கணக்கில் காத்திருந்து மருந்தை மாற்ற வேண்டும். கூலிவேலையை விட்டுவிட்டு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் பேருந்து ஏறும் செஞ்சிப் பெண்ணுக்கு அந்த வாரங்கள் மிகப் பெரிய விலை. இரண்டாம் மாத்திரைக்கு முன்பே அவள் வருவதை நிறுத்திவிடக்கூடும்.

மூளைப் படத்தால் முன்னறிய முடியுமா என்ற தேடல் இங்கிருந்துதான் வலுப்பெறுகிறது. 1997இல் நரம்பியலாளர் ஹெலன் மேபெர்க் குழுவினர், மனச்சோர்வுற்றவர்களுக்கு நெற்றிக்குப் பின்னே மூளையின் நடுக்கோட்டை ஒட்டியிருக்கும் சிங்குலேட் முன்பகுதி சர்க்கரையை எவ்வளவு எரிக்கிறது என்று பெட் ஸ்கேனில் அளந்தார்கள். அந்த அளவு கூடியிருந்தவர்களுக்கு மருந்து கேட்டது, குறைந்திருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. 2013இல் அதே வழியில் இன்னொரு முடிவு வந்தது: வலப்புற இன்சுலா என்ற மூளைப்பகுதி மந்தமாக இருந்தவர்களுக்குப் பேச்சுச் சிகிச்சையும், வேகமாக இருந்தவர்களுக்கு எசிட்டலோபிராம் மருந்தும் பலனளித்தன. என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2018இல் வெளியான ஆய்வு. சிங்குலேட் முன்பகுதியின் மின்னலைகள் வலுவாக இருந்தவர்கள் கூடுதலாகத் தேறினார்கள், செர்ட்ராலின் பெற்றவர்கள் மட்டுமல்ல, மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களும். அப்படியானால் அந்த அடையாளம் மருந்தைப் பற்றிச் சொல்வதைவிட, எதைக் கொடுத்தாலும் எழுந்து நிற்கக்கூடிய ஆளைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்கிறது. அம்மன் சந்நிதியில் தேறுகிறவரும் மாத்திரையில் தேறுகிறவரும் சில வேளைகளில் ஒரே வகை மனிதராக இருக்கலாம்.

கோயிலையும் ஆய்வுக்கூடத்தையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கக்கூடாது, காரணம் தெளிவு. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலைப் பற்றிய ஆய்வு வந்தது. அங்கே தங்கிய 31 பேரின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அவர்களில் பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். கோயிலில் தங்கி எளிய வேலைகள் செய்ததுதான் சிகிச்சை. நல்ல சேதிதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. நம்பிக்கையின் பெயரால் நடந்த கொடுமையையும் மறைக்க முடியாது: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். குறி தன் தோல்விகளை எண்ணுவதில்லை. பலிக்காவிட்டால் ‘நேரம் சரியில்லை’ என்று முடிந்துவிடும். மூளைப் படம் சொல்லும் கணிப்பைத் தவறென்று நிரூபிக்க வழி உண்டு, அதனால்தான் அதற்கு மதிப்பு. மருந்தைத் தேர்ந்தெடுக்க ஸ்கேன் எடுக்கும்படி உளமருத்துவ வழிகாட்டு நெறிகள் இன்னும் பரிந்துரைக்கவில்லை என்பதும் அந்த நேர்மையின் பகுதியே.

படம் விலை அதிகம், செஞ்சிக்கு அது எதற்கு என்பது அடுத்த மறுப்பு. விலை இறங்கலாம், மின்னலைப் பதிவுக்கு இன்றே அவ்வளவு செலவில்லை. எனக்குள்ள கவலை வேறு. மேலே சொன்ன மூன்று முன்னறிதல் ஆய்வுகளும் அமெரிக்காவில் நடந்தவை. கணவன் வீட்டில் பேச்சற்றுப்போய், மனச்சோர்வு என்ற சொல்லையே கேட்டிராமல், அமாவாசைக்கு அழைத்துவரப்படும் பெண்ணின் மூளையிலும் அதே அடையாளம் அதே பொருளைத் தருமா என்பதை அவளைப் போன்றவர்களிடம் அளந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.